அடையா, சீக்கா

செவலைக்கோழி முட்டைக் கூடையை விட்டு இறங்கவே இல்லை. அடைக்கு உட்கார்ந்துவிட்டது, இனி முட்டை கிடைத்த மாதிரிதான் என்று எனக்கு எரிச்சல். அடை தெளியட்டும் என்று வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். ஈரத்தோடு போய் அதே கூடையில் குறுகிக்கொண்டது.

மதியம் அக்கா வந்தாள். கோழி அடைக்கு உட்கார்ந்ததையும் தண்ணீரில் முக்கியதையும் சொன்னேன். கோழியின் வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள்.

"இதையா தண்ணியில முக்கின? அறிவிருக்காடா உனக்கு? அடைக்கோழி கைய வச்சா சிலிர்த்துக்கிட்டு கொத்த வரும். இது என்ன பண்ணாலும் பேசாம கெடக்கு. கொண்டை வேற வெளுத்துப்போச்சு. சீக்குடா இது."

கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கழுத்து துவண்டு சரிந்தது.

"எங்க உன் பொண்டாட்டி?"

"உள்ள படுத்திருக்கா. கரு கலைஞ்சதுலேர்ந்து அப்படித்தான். ஆனா முன்ன மாதிரி இல்லக்கா. ஒண்ணு சொன்னா ஒம்பது பேசுவாளே, இப்ப நான் எவ்வளவு கத்தினாலும் வாயத் தொறக்கறதில்ல. ரொம்ப மாறிட்டா. வீடு நிம்மதியா இருக்கு."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கோழியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அவள் மெதுவாகப் பேசுவது கேட்டது. பதில் பேச்சு கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அவள் முகம் இருண்டிருந்தது.

"கெளம்புடா. டாக்டர்கிட்ட போகணும்."

"கோழிக்கா?" என்று கேட்டேன்.