பாப்பா முழிச்சுக்குவா

குறுந்தாடிக்குத் தையல்காரியிடம் ஒரே ஒரு குறைதான். அவள் கத்த மாட்டேன் என்கிறாள்.

"அக்கா, விரல்ல ஊசி இறங்குது. இறங்கினா யாரா இருந்தாலும் கத்துவாங்க. கடைசி வரிசைல இருக்கிறவனுக்குக் கேக்க வேணாமா?" என்பான். அவள் தலையை ஆட்டுவாள். காட்சி மறுபடி ஓடும். நான் அவள் விரலைப் பிடித்துத் தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே வைத்துச் சக்கரத்தைச் சுற்றுவேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்குவாள். சத்தம் மட்டும் வரவே வராது.

நாடகத்தில் நான்தான் அவள் புருஷன். விடுதியில் இருக்கிற பெண்களிலேயே பெரிய தொண்டை என்னுடையது. மீன் கூவி விற்ற தொண்டை. உதட்டுக்கு மேலே மையால் ஒரு மீசை, மேலே ஒரு பழைய ஆம்பளைச் சட்டை, அவ்வளவுதான் வேஷம். மற்றதெல்லாம் என்னைக் கட்டியவனை நினைத்துக்கொண்டால் தானாக வந்துவிடும்.

குறுந்தாடிதான் இயக்குநர். படிப்பை முடித்த கையோடு வந்தவன், இதுதான் முதல் நாடகம். எங்களைப் போல வீட்டை விட்டு ஓடிவந்த பெண்களோடு சேர்ந்து நாடகம் போட, வளரும் கலைஞர்களுக்கு ஏதோ அறக்கட்டளை வாய்ப்புக் கொடுக்கிறதாம். அவன் வளர வேண்டும், நாங்கள் உரம். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் முதல் நாளே உஷாராகியிருப்போம்.

அவன் நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. கதை ஒருமுறை முழுசாக நடக்கும். பிறகு அதையே திரும்ப நடத்துவோம். அப்போது பார்க்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் "நிறுத்து!" என்று எழுந்து வரலாம். அடிவாங்குகிறவளின் இடத்தில் நின்று, அவள் வேறு என்ன செய்திருக்கலாம் என்று நடித்துக் காட்டலாம். புருஷன் இடத்துக்கு மட்டும் யாரும் வரக் கூடாது.

"அடிக்கிறவன மாத்த முடியாதுக்கா. அடி வாங்குறவங்கதான் வேற வழி தேடணும்."

"ரொம்ப நல்லாருக்குடா தம்பி உன் நியாயம்" என்றேன். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

தையல்காரி இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டது மகளுக்காக. ஏழு வயசுப் பிள்ளை, அப்பனிடம் மாட்டிக்கொண்டிருந்தது. யாரிடம் வளர வேண்டும் என்று குழந்தைகள் நல அதிகாரி எழுதிக் கொடுப்பதுதான் முடிவு. அந்த அதிகாரியம்மாவைத்தான் குறுந்தாடி சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தான். "அவங்க ஒருதடவ பாத்தாப் போதும்க்கா, வேற சாட்சியே வேணாம்" என்றான்.

சாட்சிதான் அவளிடம் இல்லையே. கதவைத் திறக்க நேரமாகிவிட்டது என்பதற்காக அவள் விரலை அவளுடைய மெஷினிலேயே வைத்துத் தைத்தான் அவள் புருஷன், பாவி. பக்கத்து வீட்டுக்குக்கூடச் சத்தம் போகவில்லை. விரலைக் காட்டினால், தையல்காரி விரலில் ஊசி குத்தாமல் வேறென்ன குத்தும் என்று கேட்டு முடித்துவிட்டான்.

"ஏன்டி, ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம்ல?" என்று ஒருநாள் அவளை உலுக்கியே கேட்டுவிட்டேன்.

"உள்ள பாப்பா தூங்கிட்டிருந்தாக்கா. 'சத்தம் வந்துச்சு, பாப்பா முழிச்சுக்குவா'ன்னு காதுல சொல்லிட்டேதான் சுத்தினாரு."

அன்றிலிருந்து தினமும் அவளைச் சமையலறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப்போய்க் கத்தப் பழக்கினேன். "பல்லப் புடுங்குறாங்கன்னு நெனச்சுக்க. கத்துடி!" என்பேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வரும். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டு யார் வீட்டுக் கதவோ திறக்கிறதா என்று பார்ப்பாள். அங்கே ஏது கதவு? சாக்கடைதான் இருந்தது.

ஒத்திகையின்போதெல்லாம் மெஷினில் இருந்து ஊசியைக் கழற்றிச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிடுவேன். நாடகத்தன்று குறுந்தாடி அதைப் பிடுங்கித் தானே மாட்டினான். "இன்னைக்கு இருக்கட்டும்க்கா, வெளிச்சம் பட்டா மின்னும்" என்றான். மின்னட்டும், உன் கண்ணில் போய் மின்னட்டும் என்று திட்டினேன். காதில் வாங்கவில்லை.

அரங்கத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் மடியில் கைப்பையோடு அதிகாரியம்மா. திரை ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரி என் கையைப் பிடித்தாள். தேய்த்த சட்டை, படிய வாரிய தலையோடு அவள் புருஷன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் மகள்.

குறுந்தாடியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "எவன்டா அவனக் கூப்பிட்டது?"

"நான்தான்க்கா. அவரையும் போய்ப் பாத்தேன். அழுதாருக்கா. ரெண்டு பக்கமும் இருந்தாத்தானே கலை? பாப்பாவப் பாத்தா அக்காவுக்கும் சந்தோஷமா இருக்கும்னு…"

அடப்பாவி! அவன் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. அதுதான் என்னை மேலும் எரித்தது. "வாடி, போயிடலாம்" என்று அவளை இழுத்தேன். அவள் அசையவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னல் கோணலா இருக்குக்கா. யாரு போட்டு விட்டாங்களோ." பிறகு மெதுவாக, "இப்ப ஓடிப்போனா அந்த அதிகாரியம்மா என்ன நெனைப்பாங்க?" என்றாள்.

முதல் தடவை ஓட்டம் முடிந்தது. நான் கர்ஜித்தேன், சுற்றுவதுபோல் பாவனை செய்தேன், அவள் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நடுங்கினாள். பிள்ளை அப்பன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவன் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது தடவை நான் கதவைத் தட்டியதுமே, "நிறுத்து!" என்று எழுந்தான் அவளுடைய நிஜப் புருஷன்.

குறுந்தாடிக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க சார், வாங்க!" என்று கைபிடித்து மேடையேற்றினான். தையல்காரி ஓரமாக ஒதுங்க, அவள் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி, நான் புருஷன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

"ஏன்டி கதவத் தொறக்க இவ்ளோ நேரம்?" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன்.

"தப்புதாங்க" என்றான் அவன், தேன் ஒழுக. "மெஷின் சத்தத்துல கேக்கல. வாங்க, சாப்பிடுங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" பிறகு சபையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தான். "இந்த ஒரு வார்த்தைதாங்க. சொல்லியிருந்தா என் பொண்ணு இன்னைக்கு அம்மா இல்லாம நிக்குமா?"

கைதட்டல். சில ஆண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அதிகாரியம்மாவும் மரியாதைக்கு இரண்டு தட்டு தட்டினாள். நான் கையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"நிறுத்து."

ஓரத்தில் இருந்து தையல்காரி வந்தாள். தன் இடத்துக்குப் போகவில்லை, என்னிடம் வந்தாள். "அந்தச் சட்டையக் குடுக்கா."

நான் குறுந்தாடியைப் பார்த்தேன். அவன் விதியையே மீறுகிறாள், நிறுத்துவான் என்று நினைத்தேன். அவன் கண் பளபளக்க, குடு குடு என்று கையை ஆட்டினான்.

அவள் சட்டையைப் போட்டுக்கொண்டாள். கத்தவில்லை. இத்தனை நாள் நான் கத்திக் கத்தி நடித்தது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் புருஷன் கத்துகிறவனே இல்லை.

"கதவத் தொறக்க ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றாள், குழந்தையிடம் கேட்பதுபோல.

"தப்புதாங்க" என்று அவன் இளித்தான்.

"தப்புன்னு தெரியுதுல்ல? அப்பக் கையக் குடு."

வலிக்காமல் அவன் கையை எடுத்து, விரலை நீவி ஊசிக்குக் கீழே வைத்தாள். அவளுடைய இன்னொரு கை சக்கரத்தின்மேல். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவள் குனிந்து அவன் காதருகே சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

"சத்தம் வந்துச்சு, பாப்பா முழிச்சுக்குவா."

அவன் முகம் வெளுத்தது. அவள் சக்கரத்தை அசைக்கவில்லை. நான் ஒரு முழத் தூரத்தில் நின்றவள், சத்தியமாகச் சொல்கிறேன், ஊசி மேலேதான் நின்றது. ஆனால் அவன் கத்தினான். அவளால் கடைசிவரை முடியாத அந்தக் கத்தலை, கூரை அதிர, அவன் கத்தினான். "ஐயோ, கொல்றாளே! பாப்பா! பாப்பா!"

பிள்ளை பாய்ந்து மேடையேறி வந்தது. "எங்கப்பாவ விடு!" என்று அம்மா கையைக் கடித்தது. அந்தத் தைத்த விரலையே கடித்தது. அதற்கு என்ன தெரியும் பாவம், அது அன்று நன்றாகத் தூங்கிய பிள்ளை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்போதும் அவள் வாய் மூடித்தான் இருந்தது.

சனம் அதையும் நாடகம் என்று நினைத்து எழுந்து நின்று தட்டியது. குறுந்தாடி அழுதுகொண்டே தட்டினான். "ஊசி படவேயில்ல! நான் பாத்தேன்!" என்று அலறினேன். சந்தையே திரும்பிப் பார்க்கும் என் தொண்டை அந்தக் கைதட்டலில் எடுபடவில்லை. அதிகாரியம்மா மட்டும் தட்டவில்லை. "குழந்த முன்னாடியேவா?" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை அப்பனுக்கு என்று முடிவானது. நியாயம் கேட்கப் போன என்னிடம், "கொழந்தையே அம்மா வேணாங்குதே, நான் என்ன பண்ண?" என்றாள் அதிகாரியம்மா.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் குறுந்தாடி வந்தான். பெரிய அரங்கம் கிடைத்திருக்கிறதாம், வெளியூரில் இருந்தெல்லாம் வருகிறார்களாம். "அந்தக் கடைசிக் காட்சி அப்படியே வேணும்க்கா. பாப்பாவுக்கு வேற கொழந்தையப் போட்டுக்கலாம்."

பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன் மூஞ்சியில் ஊற்றத் தூக்கினேன். தையல்காரி என்னைத் தடுத்தாள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த எடத்துல கத்தணும்னு சொன்னீங்க தம்பி?"

"ஊசி இறங்குறப்பக்கா."

அவள் வாயைத் திறந்து கத்தினாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. மூச்சு முடியும், மறுபடி இழுத்துக் கத்துவாள். நான் கட்டிப்பிடித்தும் நிறுத்தவில்லை.

"இதான்க்கா! இதேதான்!" என்றான் குறுந்தாடி.

உள்ளறையில் மதியத் தூக்கத்தில் இருந்த விடுதிப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தன.