தேவைக்கு மேல் ஆறு கிலோ

ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது ரிமோட்டில் பறக்கும் என் மாதிரி விமானத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் அதன் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பிரிப்பதற்காகக் காத்திருப்பவரின் சிரிப்பு. அது எனக்குப் பழகிய சிரிப்புதான்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அன்று காலை முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை இருந்தது. “விமானத்த நான் எடுத்துட்டுப் போறேன், நீ நேரா அங்க வந்துடு,” என்று சொல்லியிருந்தார். அவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

“குனிஞ்சு பாரு,” என்றார்.

குனிந்தேன். என் எஞ்சின் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று, பருமனாக, பளபளவென்று, இடம் போதாமல் உட்கார்ந்திருந்தது.

“பதினாறு கிலோ த்ரஸ்ட், தங்கச்சி,” என்றார் கேப்டன். எங்கள் மாதிரி விமான மன்றத்தின் தலைவர். டைல்ஸ் வியாபாரி, எந்தக் கப்பலுக்கும் எந்த அணிக்கும் கேப்டனாக இருந்ததில்லை. “மாப்ள உனக்காக வாங்கியிருக்காரு. விடியும்போதே வந்து நாங்கதான் மாட்டினோம். உன் பத்துக் கிலோவ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ, மின்விசிறி ஓட்டுவியா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஜெட்டை நான் இரண்டு வருடமாகக் கட்டியிருந்தேன். எரிபொருள் நிரப்பினால் பன்னிரண்டு கிலோ. அதன் இறக்கைக்கும் எங்கள் குட்டையான ஓடுபாதைக்கும் பத்துக் கிலோ த்ரஸ்ட், அதாவது உந்துவிசை, போதும் என்று கணக்குப் போட்டு, அதற்கான சின்ன டர்பைனை நானே தேடி எடுத்திருந்தேன். இன்று அதன் முதல் பறத்தல். அதற்குள் என்னைக் கேட்காமல் அதன் வயிற்றைப் பிரித்திருக்கிறார்கள்.

“என் எஞ்சின் எங்க?”

“பத்திரமா இருக்கு. கார்ல, துண்டுல சுத்தி வச்சிருக்கேன்,” என்றார் கணவர்.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாமே தேவைக்கு ஓர் அளவு பெரிது. சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே பல வருடங்களாக நான் ஒருக்களித்துத்தான் நடக்கிறேன். ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் முகம் விழுந்துவிடும். அந்த முகத்தை மறுபடி தூக்கி நிறுத்துவதும் என் வேலைதான். அதற்கு ஒருக்களித்தே நடந்துவிடலாம்.

மூக்குப் பக்கத்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஈயக்கட்டிகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

“இது என்ன?”

“எஞ்சின் கனம்ல, வால் தொங்குது,” என்றார் கேப்டன். “அதான் முன்னால பாரம் வச்சோம். பேலன்ஸ் கரெக்டா இருக்கு.”

அதாவது, அவர்கள் கொடுத்ததைச் சுமப்பதற்காக நான் இன்னொரு சுமையையும் சுமக்க வேண்டும். அங்கேயே எனக்கு ஏதோ தெளிந்துவிட்டது.

“சரி, ஸ்டார்ட் பண்ணுங்க,” என்றேன். வாலில் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசில் மாட்டி, தராசைத் தரையில் அடித்த முளையோடு பிணைத்தேன். டர்பைன் ஊளையிட்டு எழுந்தது. கேப்டன் ரிமோட்டில் முழு விசை கொடுத்தார். முள் பதினாறுக்குத் தாவியது. கை தட்டினார்கள்.

“இப்போ முழுசா குறைங்க.”

குறைத்தார். சத்தம் அடங்கியது. முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் நின்றது.

“சும்மா இருன்னு சொன்னாலும் தள்ளிக்கிட்டே இருக்கு, அண்ணே. என்னோடது இதுல பாதி. இதோட இறங்கினா எங்க போய் நிக்கும்? பாதை முடியுற இடத்துல பள்ளம்.”

“பிரேக் எதுக்கு இருக்கு?”

“பிரேக் தரையில. காத்துல எதப் புடிச்சு நிறுத்துவீங்க?”

“பவர் இருந்தா நல்லதுதானேம்மா,” என்றார் கணவர்.

“பவர் கூட்டிப் போட்டா நல்லா தெரியும்னு உங்க கண்ணுக்கு ரெண்டு மடங்கு லென்ஸ் மாட்டி அனுப்பட்டுமா?”

யாரோ ஒருவர் சிரித்து, கேப்டன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கணவர் என் அருகில் வந்து குரலைத் தணித்தார். “இன்னைக்கு ஒரு நாள் இதுல பறந்துடு. எல்லாரும் இருக்காங்க.”

“எல்லாரும் இருக்காங்க. அதனாலதான் முடியாது.”

எஞ்சின் ஆறியதும் மண்டியிட்டு உட்கார்ந்தேன். எரிபொருள் குழாயைக் கழற்றினேன், ஒயர்களைப் பிடுங்கினேன், திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஈயத்தைப் பிய்த்தெடுத்துப் புல்லில் போட்டேன். ஒருவரும் உதவ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. என் சின்ன எஞ்சினைத் துண்டிலிருந்து பிரித்து, அதன் இடத்தில் வைத்து, முடுக்கினேன். பெரியதை அதே துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். முகம் விழுந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, எரிபொருள் நிரப்பப் போனேன்.

“புல்லு வளந்திருக்கு. கிளம்பவே கிளம்பாது,” என்றார் கேப்டன். “என் மைதானத்துல ஒண்ணுக்கு ஒண்ணு இல்லாம யாரும் பறக்கிறது இல்ல. பன்னெண்டு கிலோன்னா பன்னெண்டு கிலோ த்ரஸ்ட்.”

“அப்படி ஒரு விதி எங்க இருக்கு?”

“விதி இல்ல. அனுபவம்.”

“எனக்கும் வேணும் அது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

முழு விசை கொடுத்தேன். டர்பைன் உடனே பதில் சொல்லாது. யோசித்துத்தான் வேகம் பிடிக்கும். விமானம் புல்லில் நிதானமாக உருண்டது. பாதிப் பாதை போயும் சக்கரம் தரையில்தான் இருந்தது. கணக்கு என் பக்கம் இருந்தது. ஆனாலும் புல்லின் உயரத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது. முக்கால் பாதையில் மூக்கை மெல்லத் தூக்கினேன். சக்கரங்கள் விட்டன. அவ்வளவுதான், அது என் தலைக்கு மேல் திரும்பி வந்துகொண்டிருந்தது. செங்குத்தாகச் சீறிக் கிளம்பவில்லை. அதற்காக நான் அதைக் கட்டவும் இல்லை. அகலமாக, அவசரமில்லாமல் வளைந்தது.

இறக்கும்போது விசையை முழுதும் குறைத்தேன். சொன்ன சொல்லைக் கேட்டது. வேலியைத் தாண்டி, சரிந்து, தொட்டு, பாதையின் நடுவுக்குக் கொஞ்சம் அப்பால் நின்றது.

சிலர் கை தட்டினார்கள். கேப்டன் கம்பத்தில் உப்பி நின்ற காற்றுப்பையைக் காட்டினார். “எதிர்க்காத்து இருந்துச்சு. அதுதான் தூக்கி விட்டுச்சு. காத்து இல்லாம பண்ணிக் காட்டட்டும், ஒத்துக்கிறேன்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். “காத்து நிக்கட்டும். மறுபடியும் பறக்கிறேன். உங்களுக்காக இல்ல, எனக்கே தெரியணும்.”

“கிளம்பலேன்னா?”

“எரிபொருளக் குறைப்பேன். புல்ல வெட்டுவேன். எஞ்சின மாத்த மாட்டேன்.”

கார் நிழலில் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டுச் சுருள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கோபமா?” என்றேன்.

“ஆமா.”

வழக்கமான சமாதான வார்த்தைகள் நாக்கு வரை வந்து நின்றன. நான் அவற்றை வெளியே விடவில்லை.

“எனக்கும்,” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் கோபமாகவே, பக்கம் பக்கமாக உட்கார்ந்து, காற்று நிற்பதற்காகக் காத்திருந்தோம்.