கிளைட் ஹொரேக்கின் அட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருடத்தில் வந்த, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளில் வெர்னன் பிராண்ட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மட்டைக்காரருக்குப் பின்னால் முகமூடி போட்டு நின்று பந்து பிடிக்கும் கேட்சர் கிளைட் ஹொரேக்குடையது. அது அரிய அட்டை ஒன்றுமில்லை. ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் கோணல். படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, இடது ஓரம் விரல் அகலமும் வலது ஓரம் நூலளவுமாக இருக்கும். வெர்னனுக்கோ நாலு பக்கமும் வெள்ளை ஓரம் சமமாக இருந்தாக வேண்டும்.

"அந்தாளு ஆடின ஆட்டத்துக்குக் கோணல் அட்டையே ஜாஸ்தி. வாங்கித் தொலையேன்" என்பாள் மனைவி மார்லீன்.

டொலீடோவில் தேவாலய மண்டபத்தில் அட்டைச் சந்தை கூடிய ஒரு ஞாயிறு. மலிவு விலைப் பெட்டியொன்றில் ஹொரேக் தென்பட்டார். வெர்னன் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று அதை எடுத்துக்கொண்டாள்.

"கோணல் மேடம் அது."

"தெரியும். எங்கப்பா சார் இவரு. இப்படிப் பெட்டியில கிடக்க விட மனசு வரல." அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கட்டு ஹொரேக்.

"அவரு ஆடுறதை நான் நேர்ல பார்த்திருக்கேன்" என்றார் வெர்னன்.

அவள் பெயர் லோர்னா. அப்பா ஆட்டத்தை விட்ட பிறகு பிறந்தவள். "எப்படி ஆடுவாரு? நெஜத்தைச் சொல்லுங்க."

"பெரிய ஆட்டக்காரர்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் எங்கப்பா வேலைக்கு மட்டம் போட்டுட்டு ஆட்டம் பார்க்க என்னை டெட்ராய்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பந்து நேரா மேல போச்சு. உங்கப்பா முகமூடியைக் கழட்டி வீசிட்டு ஓடினாரு. கீழ கிடந்த மட்டை தடுக்கி மல்லாக்க விழுந்தாரு. பந்து வந்து அவரு கையுறையிலயே விழுந்துச்சு! எழுந்து, தூசியைத் தட்டி, தொப்பியைக் கழட்டி நாலு திசைக்கும் குனிஞ்சு வணக்கம் வச்சாரு பாருங்க..."

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். "வீட்டுல கம்பளம் தடுக்கினாலும் அப்படித்தான் வணக்கம் வைப்பாரு! அது எங்கேர்ந்து வந்த பழக்கம்னு எங்க யாருக்குமே தெரியாது சார்."

சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டைக் கட்டைப் பிரித்து மேசைமேல் பரப்பினாள். "எது பிடிச்சிருக்கோ எடுத்துக்குங்க."

அதில் ஒன்று நாலு பக்கமும் அச்சாகச் சமமாக இருந்தது. வெர்னன் கூச்சப்படாமல் அதை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அதைக் கடைசி இடத்தில் செருகியதும் மார்லீன் எட்டிப் பார்த்தாள். "ஒருவழியா முடிஞ்சுதா? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அன்னிக்கு எங்கப்பா கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. மடியில வச்சிருந்த கடலையெல்லாம் கீழ கொட்டிருச்சு."

மார்லீன் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் அறிந்த மாமனார் உதடு பிரியாதவர். "உங்கப்பாவா? சிரிச்சாரா? எங்க, முதல்லேர்ந்து சொல்லு."

வெர்னன் முதலிலிருந்து சொன்னார்.