மெழுகைக் கடித்த எஞ்சின்

எதிர் வீட்டுக் காரிலிருந்து எஞ்சினை இறக்கிய அன்றே எங்கள் தெருவில் பாதிப் பேர் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். மீதிப் பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் முழுசாகத் தெரியும். அவசரப்பட்டுக் கருத்துச் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு இல்லை.

எஞ்சினைப் பிரித்தது அந்த வீட்டுக்காரி. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். தெருவுக்கே அவள் பல்செட்டக்கா. கணவர் கணக்கு வாத்தியார். அவருடைய பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது, அவளுடைய லேப் அதைத் தாண்டி. தினமும் இருவரும் அந்தப் பழைய காரில்தான் போவார்கள். மேடு செங்குத்தாகிற வளைவு வந்ததும் கார் திணறும். வாத்தியார் இறங்கி நடப்பார். பாரம் குறைந்த கார் முக்கி முனகி மேலே போய் அவருக்காகக் காத்திருக்கும். வருஷக் கணக்காக இப்படித்தான்.

இந்த விடுமுறையில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று. மேடு ஏறி நடக்கவே கூடாது என்றார் டாக்டர். அங்கே பஸ் போகாது. வேறு கார் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.

"வேலைய விட்டுடறேன்" என்றார் வாத்தியார்.

"பள்ளிக்கூடம் தொறக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

பிரிப்பது அவளுக்குப் புதிதில்லை; அந்தக் காரின் ரிப்பேர் எப்போதும் அவள் கைதான். என்ன போட்டு மூடுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அவளுக்கு ஒரு தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் பைக் போடும் சத்தத்துக்கு நாங்கள் வைத்த பெயர் டர்போ.

"அக்கா, போடறதுதான் போடறோம், வால்வத் தொறக்கற கேம்ஷாஃப்ட்ட ரேஸ் கேமாவே போட்டுருவோம். வால்வெல்லாம் ஆவுன்னு தொறக்கும். கார் பறக்கும்."

"எங்கடா பறக்கும்?"

"ஹைவேல. எஞ்சின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுத்துக்கு மேல போய்ப் பாரு."

"மேட்டு வளைவுல, ரெண்டாவது கியர்ல, மாமாவும் உக்காந்திருக்கறப்ப எத்தனை சுத்து சுத்தும்?"

டர்போ கூரையைப் பார்த்தான். "ரெண்டாயிரம் சொச்சம்."

"அப்ப உன் ரேஸ் கேம் என்ன பண்ணும்?"

"தூங்கும்" என்றார் வாத்தியார், நாற்காலியில் காலை நீட்டியபடி. "கடைசி பெஞ்சுப் பசங்க மாதிரி."

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு உதிரிப்பாகமும் அந்த மேட்டு வளைவுக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இப்படிக் குடைந்து நான் பார்த்ததில்லை. தலை மேடான பிஸ்டன் வந்தது. உயர்ந்த ரகப் பெட்ரோல்தான் குடிப்பேன் என்றதால் வந்த வழியே போயிற்று. தட்டைத் தலை பிஸ்டன், தேய்ந்த சிலிண்டருக்கு ஏற்ப ஒரு சைஸ் பெரியதாகத் தேர்வானது. புகைக்குழாய் துளி அகலமானதாக வந்தது. கேம் மட்டும், பழையதைவிட வால்வை ஒரு பிடி கூடுதலாகத் திறப்பதாக, ஆனால் கீழ்ச் சுற்றிலேயே இழுப்பதாகத் தேடித் தேடி வாங்கினாள். அவளுடைய ஒரே ஆடம்பரம் அதுதான். சுத்தமாக இருந்ததையே எடுத்தெடுத்துத் துடைத்தாள்.

எஞ்சினின் ஹெட், அதாவது வால்வுகள் உட்காரும் மேல்மூடி, லேசாக வளைந்திருந்தது. அது சமமாகும் அளவுக்கு மட்டும் சீவி வரச் சொல்லி, டர்போவிடம் கொடுத்து லேத் பட்டறைக்கு அனுப்பினாள். கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. அதில் பார்த்து அவன் தலை வாரினான்.

எல்லாம் மூடப்போகிற அன்று, ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நானும் அங்கே இருந்தேன். அவள் லேபிலிருந்து கொண்டுவந்த ரோஸ் நிற மெழுகைச் சூடுகாட்டி, பிஸ்டன் தலையில் அப்பினாள். ஹெட்டை வைத்து முடுக்கி, எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"கடி பாக்கறேன். பல்செட்டு மாட்டறதுக்கு முன்னாடி மெழுகக் கடிக்கச் சொல்லுவோமே, அதேதான். வால்வு எறங்கறப்ப பிஸ்டனுக்கு மேல எவ்வளவு எடம் இருக்குன்னு இது காட்டிக்குடுத்துரும்."

திறந்தாள். மெழுகில் வட்டமாக வால்வின் தடம். உரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த இடத்தில் மறுபக்கம் தெரிந்தது. அவ்வளவு மெலிசு.

"கடி ஒசந்திருக்கு, நடுவுல எடம் பத்தல" என்றாள் தம்பியைப் பார்த்து. "ஹெட்ட எவ்வளவு சீவச் சொன்ன?"

"நீ சொன்னதத்தான்..."

"டேய்."

"கொஞ்சம் சேத்துச் சொன்னேன்க்கா. உள்ள எடம் சுருங்கி கம்ப்ரெஷன் ஏறினா மேட்டுல நல்லா இழுக்குமேன்னு. மாமாவுக்காகத்தான். அதான் முட்டலையே இப்ப?"

"இப்ப முட்டல. நாளைக்குக் கேமச் சுத்தற செயின் கொஞ்சம் தொய்ஞ்சா முட்டும். நடு மேட்டுல எஞ்சின் செத்துப்போகும். மாமா எறங்கித் தள்ளுவாரா?"

பிஸ்டனில் வால்வுக்குப் பள்ளம் வெட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் பட்டறையில் கூட்டம். பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கிவிட்டது. அவள் புதுக் கேமைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தாள். காரோடு வந்த பழைய கேமை எடுத்தாள். தானே தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பதற்காகவே உட்கார முடியாத சோபாவில் ஆயுள் முழுக்க உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும்.

"பழசு வால்வ அவ்வளவு ஆழமா எறக்காது" என்றாள். "இழுவை, இவன் சீவி வெச்ச கம்ப்ரெஷன்லயிருந்து வரட்டும்."

"போதுமா?" என்றார் வாத்தியார்.

"தெரியல."

மறுபடி மெழுகு, மறுபடி சுற்று. இந்த முறை தடத்துக்கு அடியில் மெழுகு தடிமனாக நின்றது. எஞ்சினைக் காரில் ஏற்றியதும், அது தட்டாமலிருக்க இக்னிஷனைத் துளி பின்தள்ளி, பொறி சற்றுத் தாமதமாக விழும்படி வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த காலையில் எனக்கும் மேட்டுப் பக்கம் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பின்சீட்டில் நானும் டர்போவும். பாரம் வேண்டும் என்று அவனை அவள்தான் ஏற்றியிருந்தாள்.

வளைவு வந்தது. இரண்டாவது கியர். எஞ்சினின் குரல் கட்டையாயிற்று. வாத்தியாரின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று.

"கைய எடுங்க" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எடுத்தார். வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பாரத்தை வாங்கிக்கொண்டு கார் ஒரே சீராக ஏறியது. முனகல் இல்லை, தட்டல் இல்லை.

"பாத்தியாக்கா, நான் சீவினது..."

"வாய மூடு."

வளைவு பின்னால் போயிற்று. பள்ளிக்கூட வாசலில் கார் நின்றது. வாத்தியார் நேராகப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எறங்கலாமா?" என்றார் கடைசியில்.

"இப்ப எறங்குங்க" என்றாள்.