வயர் பிரேக்

எதை எடுப்பது, எண்ணெயில் பிடிக்கும் பிரேக்கையா, வயரில் பிடிப்பதையா... வயர் என்ற சொல்லே மனைவி விக்டோரியாவின் காதில் விழக்கூடாது என்று இரண்டு வருஷமாக மரியான் பார்த்துப் பார்த்துப் பேசுகிறான், இந்த சைக்கிள் கடைக்காரரோ மூச்சுக்கு மூச்சு வயர் என்கிறார். இரண்டு சைக்கிள்கள், இரண்டிலும் சக்கரத்தின் நடுவே பிரேக் கவ்விப் பிடிக்கும் அதே பளபளப்பான வட்டத் தகடு, மகன் லிஜினுடையதிலும் இருந்தது. மகள் ஜெனிலா இரண்டு பிரேக்கையும் மாறிமாறி அழுத்திப் பார்த்தாள். “முட்டத்துக் காத்துல மீசையே துருப்புடிக்கும் அண்ணாச்சி, வயரு எம்மாத்திரம்? ஹைட்ராலிக் எடுங்க, உள்ள எண்ணெய், ஒத்த விரலு போதும்” என்றார் கடைக்காரர் சுயம்புராஜ். “அப்பாக்கு மீசை துருப்புடிச்சுதான் கெடக்கு” என்று சிரித்தாள் ஜெனிலா. அண்ணனின் சிரிப்பு, அப்படியே.

துரு... துரு என்றால் விக்டோரியாவுக்கு ஆகாது, அப்போதெல்லாம் கடல்காற்றுக்கு முன்னால் அவளுடைய எண்ணெய்த் துணி போய் நிற்கும், பூட்டு, கதவுக் கீல், ஜன்னல் கம்பி, கடைசியில் லிஜினின் சைக்கிள், தகட்டையும் சேர்த்துத்தான் துடைத்திருக்கிறாள். அடக்கம் முடிந்து, லிஜின் விழுந்து இறந்த கலங்கரை விளக்கச் சரிவின் அடியில் கிடந்த சைக்கிளைத் தூக்கியபோது மரியானுக்குக் கை வழுக்கியது, முகர்ந்தான், தேங்காயெண்ணெய். இடுப்புச் சாரத்தால் தகட்டைத் துடைத்தான், பிளையரால் வயரை வெட்டினான், வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான், வயரு அறுந்துபோச்சு ஏட்டி... அந்த முனையை அவள் வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டாள் என்றுதானே...

“எத எடுத்தாலும் செரி, அந்தத் தகட்டுல மட்டும் எண்ணெய் பட்டுரப்பிடாது, பட்டா பிரேக்கு பிடிக்காது” என்றார் சுயம்புராஜ். போதும் ஓய், நிறுத்தும், விக்டோரியா பக்கத்தில் நிற்கிறாள்... “ஹைட்ராலிக்கே குடுங்க” என்றான் மரியான், அவசரமாக. “வேண்டாம்” என்றாள் விக்டோரியா. “வயரு போட்டதே போதும். அதுல எண்ணெய் கெடையாதுல்லா.”

வயரா... வயர் அறுந்து மகனைப் பறிகொடுத்தவள் வயரைக் கேட்பாளா? அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஜெனிலா பிடித்திருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் கதவு இந்த இரண்டு வருஷமாகக் கிறீச்சிடுகிறது, கீலெல்லாம் சிவந்து உதிர்கிறது, துக்கத்தில் மறந்துபோனாள் என்றல்லவா நினைத்திருந்தான்... அந்த எண்ணெய்த் துணியை அவள் எப்போது தூக்கி எறிந்தாள், அவன் வயரைக் காட்டிய பிறகா, அதற்கு முன்பேயா?