ஊசி உள்ளே இருந்தது

ஓர்வோ துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசைமேல் வைக்க வந்ததும் ஹில்க்கா காபிக் கோப்பைகளை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள். அவள் கணவர் தவ்னோவின் உடலை ஆம்புலன்ஸ் டவுனுக்குக் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குத் திரும்பியது அவருடைய துப்பாக்கி மட்டும்தான்.

"குழாயச் சுவர்ப் பக்கம் திருப்பி வைங்க. உள்ள பாத்தீங்களா?"

"இல்லம்மா. தொறந்து பாக்கத் தோணல. வழியெல்லாம் கீழ பாத்த மாதிரியே புடிச்சிட்டு வந்தேன்."

மூஸ் மான் வேட்டைக் குழுவுக்குத் தலைவர் பேசுகிற பேச்சா இது? வேறொரு நாளாக இருந்திருந்தால் தவ்னோ இவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார்.

ஓர்வோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்க, ஹில்க்கா. அவனுக்கு எதுவும் தெரியல. மரத்துப் பரண்ல ஏறி உக்காந்தான், போயிட்டான். தோட்டா எல்லாம் கோட்டுப் பாக்கெட்லயே கெடந்துச்சு. லோடுகூடப் பண்ணல. நமக்கெல்லாம் அப்படி ஒரு சாவு கெடைக்குமா?"

மாரடைப்பு என்று போனில் சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். அந்தக் குளிரில், மரத்துமேல், ஒற்றையாக உட்கார்ந்து, சாகப்போகிறோம் என்று தெரிந்து செத்திருக்கக் கூடாது. இப்போது அழுகை வந்தது. நிம்மதியாகவே அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தவள், பழக்க தோஷம், துப்பாக்கியைப் பார்த்தாள்.

அது ஒரு பிடிவாதக்காரத் துப்பாக்கி. இடுப்பு வலி வரும்வரை அவளும் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவள்தான். வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் பின்னால் இழுத்துவிட்டால், குழாயைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை எடுக்கக்கூடத் திறக்காது. அடியிலும் மூடி கிடையாது. உள்ளே போன தோட்டாக்களை எடுக்க வேண்டுமென்றால் சேஃப்டியை முன்னால் தள்ளி, ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் ஏற்றி, ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் கையில் ஏந்த வேண்டும். கடைசியில் விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை மெதுவாக இறக்கினால், பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி உள்ளே அடங்கும். அடங்கிவிட்டால் சேஃப்டி பின்னால் வராது. வேட்டை முடிந்து இறங்கும்போது தவ்னோ இப்படித்தான் செய்வார். பரணுக்குப் போகும்போது துப்பாக்கி காலியாக இருந்தாலும், கிளையில் மாட்டிப் போல்ட் திறந்துகொள்ளும் என்று சேஃப்டியை இழுத்துவிட்டே கொண்டுபோவார்.

இப்போது சேஃப்டி முன்னால் இருந்தது. அவள் போல்ட்டின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஊசி உள்ளே இருந்தது.

தோட்டாவை அவர் வைத்துக்கொள்வது இடுப்பு வாரில். பாக்கெட்டுக்குப் போவது துப்பாக்கியிலிருந்து எடுத்த தோட்டாதான். அப்படியானால் லோடு பண்ணியிருக்கிறார். பிறகு, வேட்டை முடியும் முன்பே, ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார். ஊசியை இறக்கியிருக்கிறார். அதற்கெல்லாம் நேரம் இருந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அவரோட வாக்கி-டாக்கி ரேடியோ எங்க இருந்துச்சு?" என்றாள்.

"நெஞ்சுலயே மாட்டியிருந்தான். ஆன்லதான் இருந்துச்சு."

"யாரும் பேசிக்கவே இல்லையா?"

"எப்படிப் பேசறது? நாய் மூஸ மடக்கி வச்சிக்கிட்டுக் காலைலேர்ந்து விடாம குரைச்சிச்சு. நாய் குரைக்கிறப்ப ரேடியோல எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே தவ்னோதான? ஒரு பய மூச்சு விடலயே!" அந்தத் துக்கத்திலும் ஓர்வோ அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அடப்பாவி மனுஷா, என்று நினைத்தாள் ஹில்க்கா. கேவலம் ஒரு மூஸுக்காகவா? உன்னைத் தூக்க வருகிறவன் கையில் வெடித்துவிடக் கூடாது என்று துப்பாக்கியைக் காலி பண்ணத் தெரிந்தது. ஒரு பொத்தானை அழுத்தி 'வா' என்று சொல்லத் தெரியவில்லையா? அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. உலுக்க ஆள் இல்லை.

"எதுக்கும் உள்ள பாத்துடறேன், நீ சொல்றதும் சரிதான்," என்று ஓர்வோ எழுந்தார்.

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் போல்ட்டைத் தூக்கிவிட்டார். டக்கென்று ஊசி வெளியே வந்தது. அவர் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார், மூடினார், சேஃப்டியைப் பின்னால் இழுத்தார். "பாத்தியா, காலி. நான்தான் சொன்னேனே." இப்போது துப்பாக்கியும் அவர் சொன்னதையே சொன்னது.

உட்கார்ந்தவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். "பக்கத்துப் பரண்ல நான்தான் இருந்தேன், ஹில்க்கா. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியிருப்பேன். அவனுக்குத் தெரியலதான? நீ என்ன நெனக்கிற?"

அவர் கண் சிவந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

"தெரிஞ்சிருக்காது," என்றாள். "பன் எடுத்துக்கங்க."

அவர் இரண்டு ஏலக்காய் பன் தின்றார். காபியும் இன்னொரு முறை வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது அவளைக் கட்டிக்கொண்டார். வண்டிச் சத்தம் சாலையில் திரும்பி மறைந்தபோது போன் அடித்தது. ஹெல்சின்கியிலிருந்து மகள் தார்யா. ரயிலில் ஏறிவிட்டாளாம்.

"அம்மா, நெசமாச் சொல்லு. அப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா? தனியாக் கெடந்து தவிச்சிருப்பாராம்மா?"

"இல்லடி. துப்பாக்கிய லோடுகூடப் பண்ணல. நானே பாத்தேன்."

அந்தப் பக்கம் மகள் ஓவென்று அழுதாள். ஹில்க்கா நின்ற இடத்திலேயே நின்று, மகள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.