மாலை போட முடியாத படம்

அந்த போன் பேச்சை நான் நேரில் கேட்டேனா, பிறகு கலையரசி அக்கா சொன்னதைத்தான் கேட்டதாக நினைத்துக்கொள்கிறேனா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு அக்கா புருஷன் ஜெயப்பிரகாஷ் மாமா அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மாமா நடிகர். சினிமாவில் இன்ஸ்பெக்டராக, உதட்டைப் பிதுக்கும் டாக்டராக, பஞ்சாயத்தில் பின்வரிசை ஆளாகப் பல வருஷம் வந்துபோனார். முகம் தெரியும், பெயர் தெரியாது. கடைசியாகத்தான் ஒரு சீரியலில் கதாநாயகியின் அப்பா வேடம் நிலையாக அமைந்தது. படப்பிடிப்பு இல்லாதபோது அரியலூர் வந்துவிடுவார்.

அன்று பேசியவர் சீரியல் மேனேஜர் தமிழழகன். நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாராம்.

"முடிச்சுட்டானுங்க" என்றார் மாமா.

"போட்டோதான கேட்டாங்க?" என்றேன்.

"சீரியல்ல அப்பன் போட்டோ எதுக்கு மாப்ள? மாலை போட்டு மாட்டத்தான். எத்தன பேருக்குப் பாத்துருக்கேன்."

"பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு யோசிக்கல மனுசன்" என்றாள் அக்கா.

உள்ளூரில் எடுத்தால் பேச்சு பரவும் என்று என்னைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கார அம்மா, "சீரியல்ல உங்க மருமவன நம்பாதீங்க சார், அவன் பார்வையே சரியில்ல" என்றார். மாமா தலையாட்டினார். அவர் யாரையும் நம்பும் நிலையில் இல்லை.

ஸ்டூடியோவில் சொன்னார்: "மாலை போட முடியாத மாதிரி எடுங்க."

"அப்படி ஒரு சைஸ் நம்மகிட்ட இல்லீங்களே சார்."

மாமா கறுப்புக் கண்ணாடி போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பக்கவாட்டில் திரும்பி நின்றார். அதைத்தான் அனுப்பினார். "சார், நேரா பாக்கறது வேணும்" என்று தமிழழகன் மறுபடி கேட்டதும் மாமாவுக்கு இருந்த கொஞ்சம் நம்பிக்கையும் போய்விட்டது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார்.

"நான் போனாத்தான பொணமா படுக்க வைப்பான்?"

"நீங்க இல்லாமயே சாவு எடுத்துருவாங்க" என்றாள் அக்கா.

"போட்டோ இல்லாம மாலைய எங்க போடுவான்?"

தினமும் டிவி முன்னால் காவல் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கதாநாயகி குடும்பம் புது வீட்டில் பால் காய்ச்சியது. கதவைத் திறந்து வந்த அப்பா வேறு ஆள். கீழே எழுத்து ஓடியது: இனி இவருக்குப் பதில் இவர். கூடத்துச் சுவரில் அப்பா, அம்மா, மகள் மூவரும் இருக்கும் பெரிய படம் மாட்டியிருந்தது. அப்பா நேராகப் பார்த்துச் சிரித்தார். மாலை இல்லை.

அக்கா சத்தத்தைக் குறைத்தாள்.

கதையில் அந்த அப்பா இன்னும் சாகவில்லை, பேத்தி பிறந்துவிட்டாள். தமிழழகன் வேறு சீரியலுக்குப் போய்விட்டார். மாமா அதன்பிறகு ஒரே ஒரு சினிமாவில் நடித்தார், இன்ஸ்பெக்டராக. இப்போது அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்துப் பேசுகிறார். நான் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறேன். அக்கா தினமும் அந்த சீரியலைப் பார்க்கிறாள்.